இனேஸ் நின்ற கோட்டோரம்

போன மாதம் சட்டனில் ஒரு மண்டபத்தில் எங்களுடைய பழைய உதைபந்தாட்டக் கழகத்தின் ஒன்றுகூடல் நடந்தது. நாங்கள் இருப்பது குட்மேய்ஸில். சனிக்கிழமை மாலையில் லண்டனின் கிழக்கிலிருந்து தெற்குக்குக் கார் ஓட்டிப் போவது இன்னொரு நாட்டுக்குப் போவதுபோல. எந்தப் பாதையால் போவது என்று நானும் என் வீட்டுக்காரர் ரவியும் வழிநெடுகச் சண்டை பிடித்தோம். போய்ச் சேர்ந்தபோது விளக்கேற்றி முடிந்து பேச்சுகள் தொடங்கியிருந்தன. பரவாயில்லை, மட்டன் ரோல்ஸ் இன்னும் முடியவில்லை.

மேடையில் நின்றவர் கழகத்துக்குப் பிந்தி வந்து சேர்ந்த செயலாளர். நல்ல மனிதர்தான். கழகம் வளர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். யார் தொடங்கியது, யார் முதல் ஜேர்சி வாங்கித் தந்தது, எல்லாம் சரியாகவே சொன்னார். பிறகு, லீக்கிலிருந்து எங்களைத் தூக்கிவிடப் பார்த்த அந்த வருடத்துக்கு வந்தார். "அந்த வருசம் எங்கடை பெடியளுக்குப் பயிற்றுநர் எண்டு ஒருத்தரும் இல்லை. தாங்களாத்தான் எழும்பினவங்கள்" என்றார். மண்டபம் கைதட்டியது.

என் வாயில் ரோல்ஸ். விழுங்கப் பொறுமையில்லை. "அப்ப இனேஸ் எங்கை?" என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டேன். மெல்லக் கேட்டதாகத்தான் என் நினைப்பு. முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்காரர் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து, "இரும், பிறகு சொல்லலாம்" என்றார். "பிறகு எண்டா எப்ப?" என்றேன். அதுவும் மெல்லச் சொன்னதாகத்தான் நினைப்பு. செயலாளர் சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த வருடத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு எதிரே அந்த நாளைய அணித் தலைவர் சிறியின் மகள் இருந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். அவள்தான் குனிந்து கேட்டாள்: "ஹூ இஸ் இனேஸ், அன்ரி?" நான் சொல்ல வாய் திறக்க, பாட்டுக்காரர் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டார். அவளுக்குச் சொல்லமுடியாமல் போனதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் நடுவில் எழும்பிப் போய் ஆடமாட்டீர்கள் என்ற நம்பிக்கை.

அந்த மண்டபத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு தனி மேசையில் முட்டை சான்விச் வைத்திருந்தார்கள். முக்கோணமாக வெட்டி, பிளாஸ்டிக்கால் மூடி. மூடியை ஒரு பிள்ளை இழுக்க, அந்த மணம் என் மூக்கில் ஏறியது. அவித்த முட்டையும் மயோனைசும் குளிரும் சேர்ந்த மணம். குளிருக்கு மணமில்லை என்பீர்கள். சான்விச் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நான் பாரிசிலிருந்து லண்டனுக்கு வந்து அதிக காலமில்லை. பாரிசில் ஏழு வருடம் இருந்து, அங்கே இவரைக் கட்டி, "லண்டனிலை பிள்ளையள் இங்கிலீசிலை படிக்கலாம்" என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டுக் கடல் கடந்தோம். பிள்ளைகள் இன்னும் பிறந்திருக்கவில்லை. அவர்கள் படிக்கப்போகும் ஆங்கிலத்துக்காக, ஆங்கிலம் தெரியாத நான் டகன்ஹாம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்டில் பாணுக்கு முட்டை தடவிக்கொண்டு நின்றேன். நீலத் தொப்பி, வெள்ளைப் பூட்ஸ். ஓடும் பட்டியின் இரண்டு பக்கமும் பெண்கள். பெரும்பாலும் எங்கள் ஆட்கள், கொஞ்சம் போலந்துப் பெண்கள், எனக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு ஒல்லியான, எலும்புக் கன்னக்காரி. நரை இல்லை, ஆனால் முகம் வெயிலில் காய்ந்தது. நாற்பதை நெருங்கியிருப்பாள். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள்.

ஒரு நாள் தக்காளித் தட்டு என் காலில் விழுந்தது. பாரிஸ் சமையலறைகளில் நான் படித்த முதற்சொல் ஒன்று வாயிலிருந்து தானாக வந்தது. அச்சில் எழுதக்கூடிய சொல் இல்லை. எதிர்ப்பக்கத்தில் நின்றவள் வெடித்துச் சிரித்தாள். பிறகு பிரெஞ்சிலேயே அதைவிட மோசமான ஒன்றைச் சொல்லித் தட்டைத் தூக்கித் தந்தாள். அதுதான் இனேஸ். ஸ்பெயின்காரி.

எங்கள் இரண்டு பேருடைய பிரெஞ்சும் விசித்திரமானது. நான் அதை உணவகத்தின் பின்பக்கத்தில் படித்தேன்: கெதியாக் கழுவு, தள்ளி நில், மடையா. அவள் அதை மைதானத்தில் படித்தாள்: கெதியா ஓடு, தள்ளி நில், மடையா. ஆகவே எங்களுக்குள் எந்தத் தடங்கலும் இருக்கவில்லை. மன்னிக்கவும், தயவுசெய்து போன்ற சொற்கள்தான் இரண்டு பேருக்கும் வராது.

இடைவேளைகளில், வெளியே சிகரெட் பிடிக்கிறவர்களின் புகைக்குப் பக்கத்தில் நின்றபடி, அவள் தன் கதையைச் சொன்னாள். ஸ்பெயினின் வடக்குக் கரையில், பிரான்ஸ் எல்லைக்குக் கிட்ட, ஒரு மீன்பிடித் துறைமுகம் அவளுடைய ஊர். துறைமுகத்துக்குப் பின்னால் புல் முளைக்காத மண் மைதானம். அங்கே பெண்களுக்கும் ஓர் அணி இருந்தது. இருந்தது என்று அந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. காலையில் மீன் டின்னில் அடைக்கிற வேலை, மாலையில் பயிற்சி, ஞாயிறு ஆட்டம். பஸ் கூலி அவரவர் கையிலிருந்து. நடுக்களத்தில் விளையாடுவாள். பிறகு எல்லை தாண்டி ஒரு பிரெஞ்சு அணியில் நாலைந்து வருடம். அங்கேதான் முழங்கால் போனது. "சத்தம் கேட்டது. கதவு சாத்துகிறமாதிரி" என்றாள். 

கால் போனபிறகு ஊருக்குத் திரும்பி, பயிற்றுநருக்கான படிப்புப் படித்துத் தேறியிருக்கிறாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முதல் நாள் அவள் உள்ளே வர, ஒருவன் தனக்குக் கோப்பி கொண்டுவரச் சொன்னானாம். "கொண்டுபோய்க் குடுத்தியா?" என்று கேட்டேன். "கொடுத்தேன். உப்புப் போட்டு" என்றாள். ஆனால் சான்றிதழ் கையில் இருந்தும் எந்த அணியும் அவளைக் கூப்பிடவில்லை. பெண்கள் அணிகளுக்குக்கூட ஆண் பயிற்றுநர்தான் வந்தார்கள். "அதனால் இங்கே வந்தேன். இங்கே நான் விளையாடினவள் என்று யாருக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை" என்றாள்.

அப்படிச் சொன்னவளைத்தான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. தனியாக ஒரு அறையில் இருக்கிறாளே, ஆட்டம் முடிய வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ரவிதான் அணியின் வலை காக்கும் கோலி. அந்த வருடம் கோலியாக நிற்பது பெரிய துன்பம். ஞாயிறு மத்தியானம் அவர் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து எடுத்தே முதுகு பிடித்துக்கொண்டு வருவார். நான் தைலம் பூசிவிடுவேன். எங்கள் படுக்கையறை அந்தக் காலம் முழுக்க ஆஸ்பத்திரி மணம்தான்.

அணியின் நிலைமையைச் சொல்லவேண்டும். பழைய பயிற்றுநர் கனடாவுக்குப் போய்விட்டார். கழகத் தலைவர் குகன் அண்ணை அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தார். அவர் மளிகைக்கடைக்காரர். தன் வான் வண்டியில் பெடியளை ஏற்றி இறக்குவது அவர், ஜேர்சி தோய்ப்பது அவர் வீட்டில், அரைநேரத்துக்குத் தோடம்பழம் வெட்டிக் கொண்டுவருவது அவர். உதைபந்தாட்டம் மட்டும்தான் அவருக்குத் தெரியாது. கடைசி இடத்தில் முடித்தால் அடுத்த வருடம் லீக்கில் இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் கடைசி இடத்தில் வசதியாக உட்கார்ந்திருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தானே, போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பெடியளைத் தெரிந்தால் கேட்கமாட்டீர்கள். பெற்றோல் ஷெட்டில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவர்கள், உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர்கள், விசா வழக்கு முடியாமல் வருடக்கணக்கில் காத்திருக்கிறவர்கள். கிழமை முழுக்க அவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் பாதியில் உடைத்துத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிறு காலையில் மட்டும், அந்த ஈரப் புல்லில், சிறி சிறியாகவும் ஜெகன் ஜெகனாகவும் இருந்தார்கள். அதையும் எடுத்துவிட்டால் பிறகு என்ன மிச்சம்?

இனேஸ் முதலில் என் பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் எழும்பினாள். பிறகு நடந்தாள். பிறகு தலையில் கை வைத்தாள். "எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுகிறமாதிரி ஏன் பந்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள்?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? நான் அதைத்தான் உதைபந்தாட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரைநேரத்தில் தோடம்பழம் உறிஞ்சிக்கொண்டு நின்றவர்களிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு விஷயம் மட்டும் சொல்லச் சொன்னாள். கோலி பந்தைத் தூர உதைக்கக் கூடாது, கிட்ட நிற்கிறவனுக்குக் கொடுக்கவேண்டும். நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னையும் அவளையும் பார்த்துவிட்டு, "எனக்குக் கிட்ட நிக்கிறது சிறி. அவனிட்டைக் குடுக்கிறதுக்கு அவங்களிட்டையே குடுக்கலாம்" என்றார். சிறி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கும் தோற்றோம். ஆனால் இரண்டாம் பாதியில் ஓரிரு தடவை பந்து எங்கள் கால்களிலேயே கொஞ்ச நேரம் நின்றது. அது எங்களுக்குப் புதிது.

ஆட்டம் முடிய சிறிதான் வந்து சொன்னான். "குகன் அண்ணை, உவவைக் கேட்டுப் பாப்பமோ?"

"என்னத்துக்கு?"

"எங்களைப் பழக்க."

"பொம்பிளையையோ?" என்று குகன் அண்ணை சிரித்தார். பிறகு பட்டியலில் நாங்கள் நின்ற இடம் ஞாபகத்துக்கு வந்திருக்கவேண்டும், சிரிப்பு நின்றது. "சரி, வந்து பழக்கிப்போட்டுப் போகட்டும். மற்றதுகள் பிறகு பாப்பம்" என்றார்.

இனேஸ் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் கோழிக்கறியைக் கையால் சாப்பிட்டு முடித்து, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, "அவர்கள் சிரிக்கட்டும். ஆனால் நான் சொல்வதை நீ ஒன்றும் விடாமல் சொல்லவேண்டும்" என்றாள். நான் ஓம் என்றேன். என்ன வேலைக்கு ஓம் சொன்னேன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரங்களில் பயிற்சி. முதல் நாளே அவள் செய்தது என்ன தெரியுமா? ஆளுக்காள் பிரித்துவிட்டு, நடந்து விளையாடச் சொன்னாள். ஓடினால் வெளியே. வளர்ந்த ஆம்பிளைகள், கோயில் வீதியில் நடக்கிறமாதிரி, பந்துக்குப் பின்னால் நடந்தார்கள். நாயோடு போன வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். ஜெகன் வெட்கத்தில் பூட்ஸைக் கழற்றப் போனான். இனேஸ் விடவில்லை. மூன்றாம் சனிக்கிழமை அளவில் ஒரு மாற்றம் தெரிந்தது. நடக்கிறவனுக்குச் சுற்றிப் பார்க்க நேரம் இருக்கிறது. யார் எங்கே தனியே நிற்கிறான் என்று அவர்களுக்குத் தெரியத் தொடங்கியது.

என் பாடுதான் திண்டாட்டம். அவள் ஒரு வசனம் கத்தினால் நான் அதைத் தமிழில் கத்தவேண்டும். அவள் கத்துவதோ, முன்பே சொன்னேனே, மைதானத்துப் பிரெஞ்சு. "அந்தப் பசுமாட்டை எழுப்பு" என்பாள். பசுமாடு என்று அவள் காட்டுவது என்னைவிட வயதில் மூத்த சிறி. நான் எப்படிச் சொல்வது? "சிறி அண்ணை, கொஞ்சம் கெதியா வரட்டாம்" என்பேன்.

தமிழில் அந்த 'ஆம்' என்ற சின்ன வால் இருக்கிறதே, அது என்னைக் காப்பாற்றியது. எந்தச் சொல்லின் பின்னாலும் ஒட்டிவிடலாம். ஒட்டியதும் சொன்னது நானில்லை. பந்தை விடட்டாம். முன்னுக்கு ஏறட்டாம். நித்திரை கொள்ள வேண்டாமாம். நான் வெறும் தபால்காரி. ஆம்பிளைகளுக்கு ஏவல் சொல்கிறேன் என்று யாரும் என்னைப் பிடிக்க முடியாது. அவள் சொல்வதில் பாதிக் காரம் அந்த வாலில் ஒட்டிக்கொண்டு கரைந்துபோகும். அவளோ, நான் அடிக்கடி கத்துகிற "ஓடட்டாம்" என்பதுதான் தமிழில் 'ஓடு' என்று நினைத்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை கையை வீசி, "ஜெகன், ஓடட்டாம்! ஓடட்டாம்!" என்று அவளே கத்தினாள். பெடியள் புல்லில் விழுந்து சிரித்தார்கள். பிறகு அவர்களும் ஒருவரை ஒருவர் அப்படியே துரத்தத் தொடங்கினார்கள்.

இதெல்லாம் மைதானத்தோடு நிற்குமா? மனோர் பார்க் முருகன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, எனக்குத் தெரிந்த ஒரு அன்ரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பிள்ளை, நீர் கிறவுண்டிலை நிண்டு ஆம்பிளையளைப் பார்த்துக் கத்துறீராமே. உமக்கு வெக்கமில்லையோ?" என்றார். "குளிர்தான் அன்ரி. வெக்கமில்லை" என்று சொல்லிவிட்டுச் சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு வந்தேன். கார் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

எதிரணிகளும், ஆட்டத்துக்கு விசில் ஊதும் மத்தியஸ்தர்களும் அப்படித்தான். மத்தியஸ்தர் வருவார், இனேஸைத் தாண்டிப் போய்க் குகன் அண்ணைக்குக் கை கொடுப்பார். ஒரு தடவை எதிரணிப் பயிற்றுநர் அவளிடம் தண்ணீர்ப் போத்தல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு நாங்கள் வென்றோம். அந்த வருடத்தின் முதல் வெற்றி. ஆட்டம் முடிய அதே மனிதரிடம் போய்ப் போத்தலைத் திருப்பித் தரச் சொல்லிக் கை நீட்டினாள். அந்த முகம் எனக்கு இப்போதும் இனிக்கிறது.

இப்படித் தோற்றும் சமன் செய்தும் இடையிடையே வென்றும், கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர்ந்தோம். ஒரு சமநிலை கிடைத்தாலே போதும், லீக்கில் இருப்போம். குகன் அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள், கடை முதலாளிகள், ஒரு கவுன்சிலர், தமிழ்த் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் கமராவோடு என்று எல்லோரையும் அழைத்துவிட்டார். மைதானத்துக்கு முதல்முறையாகப் பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன. அவரே கோட் போட்டு, டை கட்டி வந்தார். உடுப்பு மாற்றும் கொட்டிலுக்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டார். கொட்டில் என்று நான் மரியாதையாகச் சொல்கிறேன். ஈரக் காலுறையும் சேறும் பூஞ்சணமும் சேர்ந்த அந்த நாற்றத்துக்கு வேறு பெயர் உண்டு.

"பிள்ளை, ஒரு சின்ன உதவி" என்றார். "இண்டைக்கு உவவைக் கொஞ்சம் அங்காலை, பொம்பிளையள் நிக்கிற பக்கம் நிக்கச் சொல்லும். பயிற்றுநர் நிக்கிற கோட்டிலை நான் நிக்கிறன்."

எனக்கு விளங்கவில்லை. "ஏன் அண்ணை?"

"ஆக்கள் வந்திருக்கினம். ரி.வியிலை வேறை போகும். எங்கடை கழகத்தை ஒரு பொம்பிளை நடத்துறா எண்டு நாளைக்குக் கதைப்பினம். ஒரு நாளைக்குத்தானே. உமக்குத்தான் வடிவாச் சொல்லத் தெரியும். நோகாமல் சொல்லும்."

நோகாமல் சொல்வதில் நான் கெட்டிக்காரிதான். மாதக்கணக்காக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். அவள் திட்டினதைப் பெடியளுக்கு மெதுவாக்கினேன், பெடியள் முறைத்ததை அவளுக்கு மெதுவாக்கினேன். பஞ்சுமூட்டைமாதிரி நடுவில் நின்றேன். இதையும் பிரெஞ்சில் பூப்போலச் சொல்லியிருக்க முடியும். குகன் அண்ணை கெட்ட மனிதரும் இல்லை. எங்கள் முதல் வீட்டின் முற்பணத்துக்குப் பொறுப்பு நின்றவர்.

ஆனால் சொல் வரவில்லை. "இதை நான் சொல்லமாட்டன் அண்ணை. நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அவளிடம் நேரே போனார். தன் ஆங்கிலத்தில், கையைக் காட்டிக் காட்டி, குழந்தை வண்டில்கள் நின்ற பக்கத்தைச் சுட்டினார். நான் பின்னாலேயே போனேன். இனேஸின் ஆங்கிலம் அவருடையதைவிட மோசம். ஆனால் அந்தக் கை எங்கே காட்டுகிறது என்பதை விளங்கிக்கொள்ள அவளுக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. எத்தனை கைகள் அவளுக்கு அப்படிக் காட்டியிருக்கும்! முகம் மாறவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலை மட்டும் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். பிரெஞ்சில் ஒரே ஒரு சொல் சொன்னாள். இல்லை என்று.

உலகத்தில் யாருக்கும் விளங்கக்கூடிய சொல். ஆனாலும் என் வேலையை நான் செய்தேன்.

"ஏலாதாம்" என்றேன். பிறகு என் பங்குக்கும் சொன்னேன்: "எனக்கும் ஏலாது அண்ணை."

குகன் அண்ணையின் காது சிவந்தது. "ரவி, உம்மடை மனுசி கதைக்கிறதைக் கேட்டீரோ?" என்று கொட்டில் பக்கம் திரும்பினார். என் வீட்டுக்காரர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். அவர் சண்டைக்காரர் இல்லை. எங்கள் வீட்டில் எலிக்குக்கூட அவர் குரல் உயர்த்தினதில்லை. கையுறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கேட்டனான் அண்ணை" என்றார். அவ்வளவுதான். மற்றக் கையுறையையும் மாட்டினார். ஆனால் 'பொறும்' என்று எனக்குச் சொல்லவில்லை. அது எனக்குப் போதுமாக இருந்தது.

பேசினது சிறிதான். "அண்ணை, கோவியாதையுங்கோ. நீங்கள் கோட்டிலை நிண்டா நாங்கள் ஆரைப் பாக்கிறது? ஏறுறதோ இறங்குறதோ எண்டு எங்களுக்கு அவவின்ரை கைதான் சொல்லும். அவ அங்காலை நிண்டா நாங்களும் அங்காலைதான் பாத்துக்கொண்டு நிப்பம். பிறகு தோத்தா ரி.வியிலை அதுதான் வரும்."

பெண்ணுக்காக அவன் நியாயம் பேசவில்லை. தன் ஆட்டத்துக்காகப் பேசினான். எனக்கு அது பிடித்திருந்தது. இரக்கத்தில் கிடைக்கிற இடத்தை இனேஸும் விரும்பியிருக்கமாட்டாள். குகன் அண்ணை டையைச் சரிசெய்துகொண்டு போய்க் கவுன்சிலருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

இனேஸ் கோட்டோரத்துக்கு வந்தாள். வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து இரண்டு எட்டு முன்னால், வெள்ளைக் கோட்டைச் சப்பாத்து தொடுகிற அளவுக்கு. நான் அவள் பக்கத்தில். கதிரைகளிலிருந்து எங்கள் முதுகை எத்தனை கண்கள் பார்த்தன என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குத் தெரிந்தது.

ஆட்டம் அழகாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். காற்று அடித்தது, பந்து சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. முதற்பாதியிலேயே அவர்கள் ஒன்று போட்டுவிட்டார்கள். இரண்டாம் பாதியில் இனேஸுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கத்துகிறாள், சத்தம் வரவில்லை. கையை விசிறுகிறாள். வெயில் கண்ணில் குத்துகிற பக்கம் எங்கள் ஆட்கள், அவர்களுக்குக் கை தெரியவில்லை. என் காதில் அவள் கரகரக்கக் கரகரக்கச் சொல்ல, நான் கத்தவேண்டியிருந்தது. இடது பக்கம் ஜெகன் தனியே நிற்கிறான், சிறியின் காலில் பந்து, நேரமோ இல்லை. 'சிறி அண்ணை, பந்தை இடதுபக்கம் விடட்டாம்' என்று சொல்லி முடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடும்.

"சிறி! இடதிலை விடு! விடு பந்தை!"

அண்ணையும் இல்லை, ஆமும் இல்லை. என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. சிறி திரும்பியே பார்க்கவில்லை, விட்டான். ஜெகன் ஓடினான். உதைத்தான், எதிரணிக் கோலியில் பட்டுத் திரும்பியது, அங்கே யாரோ உதைத்தார்கள், அது விழுந்து எழும்பிக்கொண்டிருந்த ஜெகனின் முதுகில் பட்டு உள்ளே போனது. முதுகில்தான். பிறகு அவன் அதைத் தலையால் போட்டதாக எல்லோருக்கும் சொல்லித் திரிந்தான். நானும் மறுத்துச் சொல்லவில்லை, இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

மிச்ச நேரம் முழுக்க நான் கத்தினேன். இனேஸ் சொன்னதையும் கத்தினேன், அவள் சொல்லாததையும் கத்தினேன் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, வெளியிலை வாங்கோ!" என்று நான் கத்த, அவர் வந்து பந்தைப் பிடித்தபடி விழுந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒன்றுக்கு ஒன்று. விசில் ஊதியது. இனேஸ் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. என் தோளில் குத்தினாள். ஒரு கிழமை நொந்தது.

அந்த இரவுச் செய்தியில் எங்கள் ஆட்டம் தொலைக்காட்சியில் கொஞ்ச நேரம் வந்தது. குகன் அண்ணை பேசினார். பெடியள் துள்ளினார்கள். ஓர் ஓரத்தில், ஒரு நொடி, நீல மழைச்சட்டையின் கை ஒன்று உயர்ந்து இறங்கியது. அதுதான் இனேஸ். மிச்சத்தைக் கமரா எடுக்கவில்லை.

அடுத்த வருடமும் அவள் எங்களோடு இருந்தாள். குகன் அண்ணை அதற்குப் பிறகு கோடு பற்றிப் பேசவில்லை. அவளுக்குக் கை கொடுக்காமல் தாண்டிப்போன ஒரு மத்தியஸ்தரை அவரே பிடித்து நிறுத்தி, "திஸ் இஸ் அவர் மனேஜர்" என்று சொன்னதையும் நான் கண்டேன். அந்த நேர்மை அவரிடம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வருடம் பட்டியலின் நடுவில் முடித்தோம்.

பிறகு அவள் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அவள் விளையாடிய அதே பெண்கள் அணி, சிதறிப்போகிற நிலையில், யாரையாவது தேடியது. ஆம்பிளைகள் யாரும் ஒப்புக்கொள்ளாததால்தான் தன்னைக் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். "அது அவர்களுடைய காரணம். நான் போவதற்கு என் காரணம் இருக்கிறது" என்றாள். தொழிற்சாலையில் கடைசி ஷிப்ட் முடித்து, தொப்பியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள். அந்த அணியை ஒரு பிரிவு மேலே கொண்டுபோனாள். பிறகு அங்கேயே அவளை நீக்கினார்கள். வேறொரு அணி எடுத்தது. அங்கும் மேலே போனாள். இப்போது தலை முழுக்க வெள்ளை. என் மகள் கைப்பேசியில் காட்டுவாள், பச்சைப் பசேலென்ற பெரிய மைதானம், நிறையச் சனம், கோட்டின்மேல் சப்பாத்தை வைத்தபடி அவள்.

அவள் போன பிறகு, ஒரு பின்னேரம் குகன் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி மாம்பழம். இருந்து தேத்தண்ணி குடித்தார், காலநிலை பற்றிக் கதைத்தார், எழும்பும்போது வாசலில் நின்றுகொண்டு, "பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை நீர் வந்து நில்லும். பெடியளுக்கு உம்மடை சத்தம் பழகிப்போச்சு" என்றார். போய் நின்றேன். மகள் வயிற்றில் ஆறு மாதமாகும் வரைக்கும் நின்றேன். வென்றதைவிடத் தோற்றதுதான் அதிகம். அதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை.

இப்போது அதெல்லாம் இல்லை. குகன் அண்ணை இரண்டு வருடத்துக்கு முன் காலமானார், அவருடைய கடை இருந்த இடத்தில் நகப்பூச்சுக் கடை. சான்விச் தொழிற்சாலையை மூடி வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். பெடியளுக்குத் தொந்தி வைத்துவிட்டது, பிள்ளைகள் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் புல்லில் விளையாடுகிறார்கள். சப்பாத்தில் சேறு என்பதே அவர்களுக்குத் தெரியாது. எங்கள் மைதானத்தில் முதலில் அந்தக் கொட்டிலை இடித்தார்கள். பிறகு கோல் கம்பங்கள் போயின. பிறகு வேலி வந்தது, வேலிக்குள் கிரேன் வந்தது, இப்போது அங்கே நாலுமாடி வீடுகள், ஒரேமாதிரியான பல்கனிகள், காயப்போட்ட துணிகள். கோடு எங்கே ஓடியது என்று யாராலும் காட்ட முடியாது. என்னால் முடியும். பஸ் அந்தத் திருப்பத்தில் மெதுவாகும்போது, பக்கத்தில் யார் இருந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், விரலை நீட்டிச் சொல்லிவிடுவேன்: "அந்தா, அந்தக் குப்பைத்தொட்டி நிக்கிற இடத்திலைதான் எங்கடை மனேஜர் நிண்டவ."